இளம் குவார்ட்டர்பேக்கின் முதல் ஆட்டம்: டர்பனிலிருந்து பார்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் இளம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) முதன்முதலாகத் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கும் நாளில், பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பந்தையும் புள்ளிப்பலகையையும் மட்டுமே பார்த்துவிட்டு, மூன்று மணி நேரத்திற்குள் அவருடைய எதிர்காலத்தையே தீர்மானித்துவிடுகிறார்கள். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கங்களில் ரக்பி பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஆனால் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாவிட்டால், ஆட்டம் முடிந்த பிறகும் அந்த இளைஞர் நன்றாக ஆடினாரா இல்லையா என்று சொல்ல முடியாது. பந்து எங்கே போய் விழுந்தது என்பதைவிட, அதை எறிவதற்கு முன் அவர் எதைப் பார்த்தார், எவ்வளவு விரைவில் முடிவெடுத்தார் என்பவையே முதல் ஆட்டத்தில் கவனிக்கத்தக்கவை. கீழே வருவன அனைத்தும் அதற்கான குறிப்புகள்.

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு பிற்பகல் 1 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நமக்கு இரவு 7 மணிக்கு வரும். நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவதால், அதன்பின் அதே ஆட்டம் இரவு 8 மணிக்கு வரும். பிற்பகல் 4.25 மணி ஆட்டம் கடிகாரம் மாறும் முன் நமக்கு இரவு 10.25, மாறிய பின் 11.25. ஞாயிறு இரவு ஆட்டமென்று அவர்கள் சொல்வது நமக்குத் திங்கள் விடியற்காலை 2.20 மணிக்குத்தான், கடிகாரம் மாறிய பின் 3.20 மணிக்குத்தான் தொடங்கும். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் அதை நேரலையில் பார்க்க முயல வேண்டாம் என்பதே என் கருத்து. தூக்கக் கலக்கத்தில் பார்த்தால் இங்கே சொல்லப்படும் நுணுக்கங்கள் எதுவும் கண்ணில் படாது. டிஎஸ்டிவியின் இஎஸ்பிஎன் அலைவரிசைகளில் எல்லா ஆட்டங்களும் வருவதில்லை. ஆகவே நீங்கள் பார்க்க விரும்பும் அணியின் ஆட்டம் அந்த வார அட்டவணையில் இருக்கிறதா என்று இரண்டு நாள்களுக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசி விரத வாரமாக இருந்தால் பீன்ஸ் பன்னி சௌவும் வடையும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மேசைக்கு வந்துவிட வேண்டும். இந்த ஆட்டத்தில் முக்கியமானவை நடப்பது பந்து அசைவதற்கு முந்தைய சில வினாடிகளில், அப்போது அடுப்படிக்கு எழுந்து போனால் நட்டம் உங்களுக்குத்தான்.

ஆட்டத்திற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவை

அந்த இளைஞர் எப்படி இந்த இடத்திற்கு வந்தார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ரக்பியில் ஹாண்ட்ரே பொல்லார்ட் 2014இல் ஸ்காட்லாந்துக்கு எதிராகத் தம் 20ஆம் வயதில் ஸ்பிரிங்பாக்ஸ் சட்டையை முதன்முதலாக அணிந்தபோது, அவரைச் சுற்றி நாட்டின் மிகச் சிறந்த வீரர்கள் நின்றார்கள். அமெரிக்கக் கால்பந்தில் நிலைமை தலைகீழானது. கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறையில் முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் உரிமை கிடைக்கிறது. அதனால், அந்த உரிமை கைமாறாத வரையில், மிகத் திறமையான இளம் குவார்ட்டர்பேக் மிக நலிந்த அணிக்குப் போய்ச் சேர்கிறார். அவருக்கு முன்னே நின்று காக்க வேண்டிய ஐந்து லைன்மேன்களும் பெரும்பாலும் அந்த நலிவின் பங்காளிகளாகவே இருப்பார்கள். 2002இல் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி தன் முதல் தேர்வாக டேவிட் காரை எடுத்தது. முதல் ஆட்டத்தில் அவர்கள் டாலஸ் அணியை 19-10 என்று வென்றார்கள், ஊரே கொண்டாடியது. ஆனால் அந்தப் பருவம் முடிவதற்குள் கார் 76 முறை பந்துடன் வீழ்த்தப்பட்டிருந்தார். ஒரே பருவத்தில் ஒரு குவார்ட்டர்பேக் அத்தனை முறை வீழ்த்தப்பட்டது அதற்கு முன் நடந்ததில்லை. ஆகவே அணியின் காயப் பட்டியலைப் பார்க்கும்போது, பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களின் பெயர்களைத் தேடுவதற்கு முன், லைன்மேன்களில் யார் இல்லை என்று பாருங்கள். வலக்கையால் எறிபவருக்கு இடப்புறக் கடைசி லைன்மேன் மிக முக்கியமானவர். எறிபவரின் முதுகுப்புறத்தைக் காப்பவர் அவரே.

அடுத்தது, இது திட்டமிட்ட முதல் ஆட்டமா, அல்லது வேறொருவர் காயமடைந்ததால் இடையில் கிடைத்த வாய்ப்பா என்பது. தொடக்க வீரராக அறிவிக்கப்பட்டவருக்கு அந்த வாரப் பயிற்சியின் பெரும்பகுதி கிடைக்கிறது. மாற்று வீரருக்கோ மிகச் சிறிய பங்கே மிஞ்சும். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற டாம் பிராடி 2000 நவம்பரில் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் இறங்கி மூன்று முறை எறிந்தார், ஒன்று பிடிக்கப்பட்டது, கிடைத்தது 6 யார்டு. அதை வைத்து யாராலும் எதையும் சொல்லியிருக்க முடியாது. பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் அவர் எப்படி ஆடினார் என்று தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டும். அதைப் பொருட்படுத்தாதீர்கள். அங்கே எதிரணிகள் தங்கள் உண்மையான தற்காப்புத் திட்டங்களை வெளியே காட்டுவதில்லை.

ரக்பிக் கண் உதவும் இடமும் ஏமாற்றும் இடமும்

குவார்ட்டர்பேக்கை ரக்பியின் 10ஆம் எண் வீரரோடு ஒப்பிடுவது நல்ல தொடக்கம். ஓடுவதா, எறிவதா, பந்தை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பாக இருப்பதா என்று நொடியில் முடிவெடுப்பவர்கள் இருவருமே. ஆனால் ஒப்பீடு அங்கேயே நின்றுவிடுகிறது. ரக்பியில் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், 10ஆம் எண் வீரர் ஓட்டத்தின் நடுவே சிந்திக்கிறார். இங்கே ஒவ்வோர் ஆட்டமுறையும் தனித்தனியே தொடங்கித் தனித்தனியே முடிகிறது. நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முயற்சி ஒன்றைத்தான் டவுன் என்கிறார்கள். பந்து வைத்திருப்பவர் தடுக்கப்பட்டு முழங்கால் தரையில் பட்டவுடன் அந்த முயற்சி முடிந்தது. பந்துக்காக யாரும் குவிந்து போராட வேண்டியதில்லை. ஒரு முயற்சியில் ஒரு முறை பந்தை முன்னோக்கி எறியலாம், பந்து இல்லாதவரையும் மறித்து நிற்கலாம். முதல் கால்மணி நேரத்தில் ஒவ்வொரு மறிப்பையும் பார்த்து 'இது தவறாயிற்றே' என்று கத்தத் தோன்றும். அந்தப் பழக்கத்தை அடக்கிக்கொள்ளுங்கள்.

ரக்பி விரும்பிகள் முகம் சுளிக்கும் இன்னொன்று, பந்துடன் ஓடும் குவார்ட்டர்பேக் எதிராளி நெருங்கும்போது கால்களை முன்னே நீட்டிச் சறுக்கி உட்கார்ந்துவிடுவது. அது கோழைத்தனமன்று. சறுக்கத் தொடங்கியவரை இடிப்பது குற்றம். சறுக்கத் தொடங்கிய இடத்திலேயே பந்து நின்றதாகக் கணக்கிடுவார்கள். அணியின் முழுத் திட்டமும் ஒருவரை நம்பியிருக்கும்போது இரண்டு யார்டுக்காகத் தோள்பட்டையைப் பணயம் வைப்பதுதான் மூடத்தனம். முதல் ஆட்டத்திலேயே தயக்கமின்றிச் சறுக்கும் இளைஞரைக் கண்டால், நல்ல பயிற்சியாளரிடம் இருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளலாம்.

பந்து அசைவதற்கு முன்

இந்தப் பகுதியில்தான் நீங்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். ஒரு முயற்சி முடிந்தவுடன் அடுத்ததைத் தொடங்க 40 வினாடிகள் உண்டு. அந்த 40 வினாடிகளின் முற்பகுதியில் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்திற்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் பயிற்சியாளர் அடுத்த ஆட்டமுறையைச் சொல்கிறார். 1994 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த வசதி, கடிகாரம் 15 வினாடிகளைக் காட்டும்போது அறுந்துவிடும். அதன்பின் அவர் தனியாள். ஒலிபெருக்கி உள்ள தலைக்கவசத்தின் பின்புறம் பச்சைப் புள்ளி ஒன்று இருப்பதைத் திரையில் காணலாம். கேட்ட நீண்ட சொற்றொடரைச் சக வீரர்களிடம் பிழையின்றி ஒப்பித்து, பந்து வைக்கப்பட்டிருக்கும் கோட்டுக்கு வந்து நின்று, எதிரே இருக்கும் 11 பேர் எப்படி நிற்கிறார்கள் என்று படித்து, தேவையானால் திட்டத்தை மாற்ற வேண்டும்.

ஆகவே திரையின் மூலையில் ஓடும் அந்தச் சிறு கடிகாரத்தைப் பாருங்கள். அணி கோட்டுக்கு வரும்போது அதில் எத்தனை வினாடிகள் மிஞ்சியிருக்கின்றன? 15க்கு அருகில் வந்து நின்றால் அவருக்குச் சிந்திக்க நேரம் இருக்கிறது. ஐந்து, ஆறு என்று இறங்கிய பிறகே வருகிறார் என்றால், சொற்றொடரை ஒப்பிப்பதிலேயே அவர் திணறுகிறார் என்று பொருள். எதிரணியைப் படிக்க அவருக்கு அவகாசமே இல்லை. நேரம் கடந்துவிட்டால் 5 யார்டு பின்னே போக வேண்டும். முதல் ஆட்டத்தில் இத்தகைய தண்டனை ஓரிரு முறை வருவது இயல்பு. வெளியூர் மைதானமாக இருந்து கூட்டம் இரைந்தால் இன்னும் கூடுதலாக வரும், ஏனெனில் அவருடைய குரலே சக வீரர்களுக்குக் கேட்காது, சைகையால்தான் பந்தை எடுக்க வேண்டியிருக்கும்.

பிறகு, எதிரணியின் கடைசி வரிசையைத் தேடுங்கள். சேஃப்டி எனப்படும் காவலர்கள் ஆழத்தில் ஒருவர் நிற்கிறாரா, இருவர் நிற்கிறார்களா? குவார்ட்டர்பேக் முதலில் பார்ப்பது அதையே. வழக்கமான தொலைக்காட்சிக் கோணம் பக்கவாட்டிலிருந்து எடுக்கப்படுவதால் பல நேரங்களில் அவர்கள் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். அதனால் மைதானத்தின் பின்முனையிலிருந்து எடுத்த மறுஒளிபரப்பு வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பந்து அசையுமுன் தாக்குதல் அணியின் ஒருவர் குறுக்கே ஓடுவதையும் கவனியுங்கள். எதிரணியில் ஒருவர் அவரை விடாமல் பின்தொடர்ந்தால் ஆளுக்கு ஆள் காவல் என்பதும், யாரும் பின்தொடராமல் சற்றே நகர்ந்து நின்றால் பகுதிக்குப் பகுதி காவல் என்பதும் பெரும்பாலும் பொருந்தும். அனுபவமிக்க எதிரணிகள் இதிலும் வேடம் போடும். இளைஞரைக் குழப்புவதற்கென்றே இருவராக நின்றவர்கள் பந்து அசைந்ததும் ஒருவராக மாறிவிடுவார்கள்.

பந்து கைக்கு வந்த பின்

பந்து கைக்கு வந்ததும் உங்கள் கண் போக வேண்டியது குவார்ட்டர்பேக்கின் தலைக்கு. அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டரை வினாடிகள். அந்த நேரத்தில் தலை ஒரே பக்கம் நிலைத்து நிற்கிறதா, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் திரும்புகிறதா? ஒரே ரிசீவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆழத்தில் நிற்கும் சேஃப்டி அந்தப் பார்வையையே வழிகாட்டியாகக் கொண்டு பந்து விழும் இடத்துக்கு முன்கூட்டியே ஓடிவிடுவார். தேர்ந்தவர்கள் இதையே ஆயுதமாக்கி, ஒரு பக்கம் பார்த்து சேஃப்டியை நகர்த்திவிட்டு மறுபக்கம் எறிவார்கள். முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை இதைக் கண்டாலும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். 60 யார்டு எறிந்து கைதட்டு வாங்குவதைவிட அது அரிது.

தலைக்கு அடுத்தது கால். லைன்மேன்கள் அமைக்கும் அரைவட்டத்துக்குள் ஆபத்து பக்கங்களிலிருந்து வரும்போது, பதறாதவர் ஓரடி முன்னே வைத்து உள்ளேயே நிற்பார். பதறுபவர் பின்னோக்கி ஓடுவார், அல்லது யாரும் நெருங்காதபோதே வெளியே பாய்வார். முதல் சில முயற்சிகளில் எல்லாருமே பதறுவார்கள். பலமாக ஓரிரு முறை அடிபட்ட பிறகு, மூன்றாம் கால்பகுதியில் கால்கள் எப்படி இருக்கின்றன என்பதே கேள்வி.

வழி எதுவும் இல்லாதபோது என்ன செய்கிறார் என்பதைத் தனியே குறித்துவையுங்கள். காப்பு வட்டத்துக்கு வெளியே வந்து, கோட்டைத் தாண்டி விழும்படி பந்தை மைதானத்துக்கு வெளியே எறிந்துவிட்டால் இழப்பு எதுவும் இல்லை, ஒரு முயற்சி வீணாகும், அவ்வளவே. பார்ப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் கல்லூரியில் எல்லாரையும் தன் கால்களாலும் கையாலும் வென்று பழகிய 22 வயது இளைஞருக்கு இந்தத் தோல்வியை ஒப்புக்கொள்வது மிகக் கடினமான பாடம்.

தொடக்கத்தைக் கண்டு மயங்க வேண்டாம்

முதல் இரண்டு முறை பந்து கிடைக்கும்போது இளம் வீரர்கள் பலர் வியக்கத்தக்க வகையில் ஆடுவார்கள். காரணம் எளியது. தொடக்க ஆட்டமுறைகளைப் பயிற்சியாளர்கள் முன்பே எழுதி வைத்து, வாரம் முழுவதும் பழக்கியிருப்பார்கள். சான் பிரான்சிஸ்கோ அணியின் பில் வால்ஷ் முதல் 15 ஆட்டமுறைகளை இவ்வாறு எழுதி வைத்துப் புகழ்பெற்றவர். இன்று அது பொதுவழக்கு. குட்டையான எறிதல்கள், ஓட்டம் போலக் காட்டி எறிதல் என்று இளைஞரின் தோளில் சுமை ஏறாதவாறு அவை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். எழுதி வைத்தது தீர்ந்து, எதிரணியும் தன் திட்டத்தை மாற்றிக்கொண்ட பிறகு, மூன்றாம் முயற்சியில் எட்டு யார்டு, ஒன்பது யார்டு தேவைப்படும் நிலை வரும். எறியத்தான் போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்போதுதான் எதிரணி ஐந்தாறு பேரைப் பாயவிடும். அந்த முயற்சிகளே அவருடைய உண்மையான தேர்வு. ஒரு தாளை எடுத்து, மூன்றாம் முயற்சிகளுக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை யார்டு தேவைப்பட்டது, தலை திரும்பியதா, பந்து நேரத்தில் கையைவிட்டுப் போனதா. முடிவை எழுத வேண்டாம், அதைத் தொலைக்காட்சியே சொல்லும்.

பந்து எதிரணியின் கையில் சிக்கும் இன்டர்செப்ஷனிலும் வகை பிரித்துப் பார்க்க வேண்டும். ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்ததா, ரிசீவர் தவறான திசையில் ஓடினாரா, எறியும்போது கையை யாரேனும் தட்டினார்களா, அல்லது அங்கே நின்ற எதிராளியை அவர் பார்க்கவே இல்லையா? கடைசி வகை மட்டுமே முழுக்க அவருடையது.

எண்களை எப்படி எடுத்துக்கொள்வது

முதல் ஆட்டத்தின் எண்கள் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு வரலாறே சான்று. ஜான் எல்வே 1983இல் பிட்ஸ்பர்க்கில் 8 முறை எறிந்தார், ஒன்றுதான் பிடிக்கப்பட்டது, கிடைத்தது 14 யார்டு. பின்னாளில் இரண்டு சூப்பர் பவுல்களை (பருவத்தின் இறுதி ஆட்டங்களை) வென்றார். பெய்ட்டன் மேனிங் 1998இல் மயாமிக்கு எதிராக மூன்று முறை பந்தை எதிரணியிடம் கொடுத்தார், பருவம் முழுவதும் 28 முறை கொடுத்தார், அணி 3 ஆட்டங்களையே வென்றது. அடுத்த பருவத்தில் அதே அணி 13 ஆட்டங்களை வென்றது. மறுபுறம் மார்க்கஸ் மரியோட்டா 2015இல் முதல் ஆட்டத்தில் 16 முறை எறிந்து நான்கு டச் டவுன்களை (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது, ரக்பியின் டிரை போன்றது) பெற்று, எறிபவர் மதிப்பீட்டின் உச்சமான 158.3ஐத் தொட்டார். அந்த உயரத்தை அவருடைய பிற்காலம் எட்டவில்லை. கேலப் வில்லியம்ஸ் 2024இல் எறிந்து பெற்றது 93 யார்டு மட்டுமே, தாக்குதல் அணி ஒரு டச் டவுனும் எடுக்கவில்லை, ஆனால் சிகாகோ 24-17 என வென்றது. அந்த வெற்றி தற்காப்பு அணிக்கும் உதைப் பிரிவுக்கும் உரியது.

தோல்வியையும் இவ்வாறே பிரித்துப் பார்க்க வேண்டும். 2020இல் ஜோ பரோ தம் முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் சின்சினாட்டி அணியை எதிரணியின் எல்லை வரை நடத்திச் சென்றார். சமன் செய்ய வேண்டிய 31 யார்டு உதை குறி தவறியது, 16-13 என்று தோற்றார்கள். வீட்டில் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் கால்பந்து பார்த்து வளர்ந்த தாத்தா இருந்தால், அவருக்கு இந்த உதையைப் பற்றிச் சொல்லி உள்ளே இழுக்கலாம். டர்பனில் வளர்ந்த கேரி ஆண்டர்சன் 1982 முதல் 2004 வரை இந்த ஆட்டத்தில் உதைப்பவராக இருந்தார். 1998 பருவத்தில் மினசோட்டாவுக்காக 35 முறை உதைத்து 35ஐயும் உள்ளே செலுத்தியவர், இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் 38 யார்டு உதை ஒன்றைத் தவறவிட்டார், அணி கூடுதல் நேரத்தில் தோற்றது. குவார்ட்டர்பேக்கின் கணக்கில் எழுதப்படும் வெற்றி தோல்விகளில் இப்படி எத்தனை பேரின் கால்களும் கைகளும் கலந்திருக்கின்றன என்பதைத் தாத்தா மிக எளிதில் புரிந்துகொள்வார்.

மறுநாள் எண்களைப் பார்க்கும்போது, மொத்த யார்டுகளை விட்டுவிட்டு, எத்தனை முறை வீழ்த்தப்பட்டார், அவற்றில் எத்தனை அவர் பந்தை அதிக நேரம் வைத்திருந்ததால் நேர்ந்தன என்று உங்கள் நினைவோடும் தாளோடும் ஒப்பிடுங்கள். அந்தத் தாளை எறிந்துவிடாமல் அடுத்த வாரத்துக்கு வைத்திருங்கள். முதல் ஆட்டத்தில் எதிரணியிடம் அவரைப் பற்றிக் கல்லூரிப் படச்சுருள்களே இருந்தன. இரண்டாம் ஆட்டத்தின் எதிரணி, அவர் எந்தப் பக்கம் முதலில் பார்க்கிறார், பதறும்போது எந்தப் பக்கம் ஓடுகிறார் என்பதைத் தொழில்முறை ஆட்டத்திலிருந்தே படித்துக்கொண்டு வரும். இரண்டாம் தாளையும் அதே முறையில் எழுதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒன்பது யார்டு தேவைப்பட்ட மூன்றாம் முயற்சிகளில் அவருடைய தலை கூடுதலாகத் திரும்பத் தொடங்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.